ஆயாவோட குட்டி வெள்ளை மாத்திரை: ஸ்டீராய்டு உடம்புக்குள்ள என்ன பண்ணுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு குட்டி மாத்திரையைப் பத்தி. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஆனா எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம், இந்த மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு உக்காந்து படிச்சேன். அதைத்தான் சொல்லப்போறேன்.

எங்க ஊர் திருக்கழுக்குன்றம். அங்க எங்க ஆயாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐநூறுக்கு மேல படி இருக்கு. ஒரு காலத்துல அதை அசால்ட்டா ஏறி இறங்கினவங்க, கடைசியில திண்ணையில இருந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்கிற நிலைமைக்கு வந்துட்டாங்க. யாரோ சொன்னாங்கன்னு ஒரு மருந்துக்கடையில மாத்திரை வாங்கினாங்க. சீட்டு இல்ல, அட்டை இல்ல, பேரும் இல்ல. காகிதத்துல மடிச்சுக் கொடுத்த மூணு நாலு மாத்திரை. அதுல ஒண்ணு குட்டியா, வெள்ளையா இருக்கும்.

மூணாவது நாள் எனக்கு போன் பண்ணாங்க. "கண்ணு, வலி போன எடம் தெரியலடா." அந்த மாசப் பௌர்ணமிக்குக் கிரிவலமே போயிட்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்கா அதே மாத்திரை. முகம் கொஞ்சம் கொஞ்சமா உப்பி, பூசினாப்புல ஆச்சு. சொந்தக்காரங்க எல்லாம் "ஆயாவுக்கு உடம்பு தேறிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டாங்க. நானும்தான்.

அப்புறம் ஒரு தடவை அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கினாங்க. அங்க மாத்திரை தீர்ந்துபோச்சு. வலி மாத்திரைதானே, ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்னு விட்டுட்டாங்க. ஒரு வாரத்துல ஒரே அசதி. சாப்பாடு இறங்கல, வாந்தி. எழுந்து நின்னா கண்ணு இருட்டுது. ஒருநாள் காலையில பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பிபி ரொம்பக் கம்மி, சுகரும் கம்மி. டாக்டர் அவங்க முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு எங்ககிட்ட கேட்டார்: "பாட்டிம்மா ஸ்டீராய்டு ஏதாவது எடுத்துட்டு இருந்தாங்களா?"

எங்க யாருக்கும் பதில் தெரியல.

எனக்கு மூணு கேள்வி. வலி எப்படி மூணே நாள்ல போச்சு? முகம் ஏன் உப்புச்சு? நிறுத்தினதும் ஏன் விழுந்தாங்க? ஒண்ணொண்ணா பாப்போம்.

வலி எப்படிப் போச்சு?

தமிழ்ல "அழல்"னா நெருப்பு. அழற்சிங்கிற வார்த்தை அதுல இருந்து வந்ததுதான். கால்ல முள்ளு குத்தினா அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். இந்த நாலும் முள்ளு செய்யற வேலை இல்ல, நம்ம உடம்பே செய்யற வேலை. காயம்பட்ட இடத்துல இருக்கிற செல்கள் சைட்டோகைன்னு சொல்ற ரசாயன சிக்னல்களை அனுப்பும். ரத்தக் குழாய் விரியும், அதனால சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர்ல இடைவெளி விட்டு நீர் கசியும், அதனால வீக்கம். அந்த இடைவெளி வழியா வெள்ளை அணுக்கள் வெளிய வந்து கிருமியைத் தேடும். ப்ராஸ்டாகிளாண்டின்கிற பொருள் நரம்பு முனைகளைக் கூசவைக்கும், அதனால வலி.

இது நமக்கு வேண்டிய விஷயம்தான். இது இல்லாம ஒரு சின்னக் காயம்கூட ஆறாது. கிருமி போன பிறகும் இது அடங்காம இருந்தாலோ, கிருமியே இல்லாம நம்ம உடம்பு மேலயே பாய்ஞ்சாலோதான் பிரச்சினை. முடக்கு வாதம், ஆஸ்துமா, லூபஸ் எல்லாம் அந்த வகை. ஆயாவுக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம். அதுலயும் மூட்டோட உள்சவ்வு வீங்கி வலியைக் கூட்டும்.

இதை அடக்க உடம்புகிட்டயே ஒரு ஆள் இருக்கு. ரெண்டு சிறுநீரகத்துக்கு மேலயும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உக்காந்திருக்கு. பேரு அட்ரினல். அதோட வெளிப்பகுதி சுரக்கிற ஹார்மோன்தான் கார்ட்டிசால். விடியற்காலையில அதிகமா இருக்கும், ராத்திரி குறையும். பிபி, சுகர் விழாம பாத்துக்கிறது இதோட வேலை. அழற்சியைப் பாத்து "போதும், நிறுத்து"ன்னு சொல்றதும் இதோட வேலைதான்.

ப்ரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் இந்தக் கார்ட்டிசாலைப் பாத்துச் செஞ்ச மருந்துகள். ஒரு நாளைக்கு நம்ம உடம்பு சுரக்கிற கார்ட்டிசால், கிட்டத்தட்ட 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். டெக்ஸாமெத்தசோன்னா 0.75 மி.கி.யே போதும். அதனால மாத்திரை குட்டியா இருக்கேன்னு விளைவும் குட்டியா இருக்கும்னு நினைச்சுடாதீங்க.

இது செல்லுக்குள்ள என்ன பண்ணுது? நிறைய மருந்துகள் செல்லோட வெளிச்சுவர்ல நின்னு கதவைத் தட்டும். ஸ்டீராய்டு கொழுப்புல கரையும், அதனால சுவரைத் தாண்டி நேரா உள்ள போயிடும். உள்ள அதுக்குன்னே ஒரு ஏற்பி காத்துட்டு இருக்கும். ரெண்டும் சேர்ந்து டிஎன்ஏ இருக்கிற உட்கருவுக்குள்ள போகும். அங்க ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு, அழற்சியை அடக்குற புரதங்களோட ஜீன்களை ஆன் பண்ணும். இன்னொண்ணு, அழற்சிக்கு உத்தரவு போடுற என்எஃப்-கப்பா-பிங்கிற சுவிட்சை அமுக்கிப் பிடிக்கும். சைட்டோகைன்களைத் தயாரிக்கச் சொல்ற உத்தரவே குறைஞ்சு போயிடும்.

வலி மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான். இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் ப்ராஸ்டாகிளாண்டின் தயாரிக்கிற நொதியை மட்டும்தான் தடுக்கும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு ஏபிஐயை மட்டும் பிளாக் பண்ற மாதிரி. ஸ்டீராய்டு சர்வருக்குள்ள ரூட் யூசரா போய் கான்ஃபிகையே மாத்துது.

ஜீன் வழியா வேலை செய்யறதால இதுக்குச் சில மணி நேரமாவது ஆகும். அதனாலதான் மூச்சு அடைக்கிற அளவுக்குக் கடுமையான அலர்ஜி வந்தா முதல் ஊசி அட்ரினலின். ஸ்டீராய்டு ஊசியை நம்பி அந்த நிமிஷத்துல காத்திருக்க முடியாது.

இன்னொரு சுவாரசியமான விஷயம். ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கு ரத்தப் பரிசோதனையில வெள்ளை அணுக்கள் அதிகமாக் காட்டும். எதிர்ப்புச் சக்தி கூடிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. குழாய்ச் சுவரைப் பிடிச்சு வெளிய போற பிடிமானம் குறைஞ்சு, அணுக்கள் ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கும். போலீஸ் எல்லாம் ரோடுல ஜீப்புலயே சுத்துறாங்க, தெருவுக்குள்ள யாரும் இறங்கல. அப்போ உண்மையான கிருமி வந்தாலும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல் எதுவும் சரியாத் தெரியாது.

முகம் ஏன் உப்புச்சு?

ஆயாவோட கிரிவலக் கதை உலகத்துல முதல் தடவை நடந்தது 1948 செப்டம்பர்ல, அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல இருக்கிற மேயோ கிளினிக்ல. முடக்கு வாதத்தால நடக்கவே கஷ்டப்பட்ட 29 வயசுப் பெண்ணுக்கு, டாக்டர் ஃபிலிப் ஹென்ச் குழு கார்ட்டிசோன் ஊசி போட்டாங்க. சில நாள்லயே அவங்க எழுந்து நடந்தாங்க, ஷாப்பிங்கே போனாங்க. ரெண்டே வருஷத்துல, 1950ல, ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல் பரிசு.

ஆனா ஊசி போடப்போட முகம் வட்டமாச்சு, வேற தொந்தரவுகளும் வந்துச்சு. நிறுத்தினா மூட்டுவலி திரும்ப வந்துச்சு. இது நோயைக் குணப்படுத்தல, அடக்கி மட்டும் வைக்குதுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

காரணம் எளிசு. ஸ்டீராய்டுக்கான ஏற்பி மூட்டுல மட்டும் இல்ல, உடம்புல கிட்டத்தட்ட எல்லாச் செல்லுலயும் இருக்கு. கல்லீரலுக்குப் போனா சர்க்கரையைக் கூடுதலாத் தயாரிக்கச் சொல்லும். கொழுப்பைக் கை கால்ல இருந்து முகத்துக்கும் பிடரிக்கும் வயித்துக்கும் மாத்தும். எலும்பு கட்டுறதைக் குறைக்கும். தசை, தோல் ரெண்டும் மெலியும். வருஷக்கணக்கா எடுத்தா கண்ணுல புரை விழும். முட்டியை மட்டும் சரி பண்ணுன்னு அதுகிட்ட சொல்ல வழியில்ல. ஆயாவுக்கு உடம்பு தேறினதா நாங்க நினைச்சது பக்கவிளைவு.

நிறுத்தினதும் ஏன் விழுந்தாங்க?

கார்ட்டிசால் அளவை மூளை எப்பவும் கவனிச்சுட்டே இருக்கும். குறைஞ்சா, ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிகிட்ட சொல்லும், பிட்யூட்டரி அட்ரினல்கிட்ட சொல்லும், அது சுரக்கும். போதுமான அளவு வந்ததும் உத்தரவு நின்னுடும். கிளவுட்ல வேலை பாக்கிறவங்களுக்கு இது ஆட்டோஸ்கேலிங்.

வெளிய இருந்து தினமும் மாத்திரை வந்தா மூளைக்கு என்ன தெரியும்? "ஓ, நிறைய இருக்கே"ன்னு உத்தரவை நிறுத்திடும். வேலை இல்லாத அட்ரினல் சுரப்பி சுருங்கிப் போகும். பொதுவா மூணு வாரத்துக்கு மேல எடுத்தாலே இதை யோசிக்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. ஒருநாள் மாத்திரையை டக்குனு நிறுத்தினா, வெளிய இருந்தும் இல்ல, உள்ள இருந்தும் இல்ல. பிபியும் சுகரும் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாம விழும். அந்த நேரத்துல காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தா உயிருக்கே ஆபத்து.

ஆயாவுக்கு ஆஸ்பத்திரியில முதல்ல போட்டது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, அதாவது கார்ட்டிசாலேதான். எந்த மாத்திரையால விழுந்தாங்களோ, அதோட சொந்தக்காரன்தான் அவங்களை எழுப்பி விட்டுச்சு. சாயங்காலமே எழுந்து உக்காந்து காபி கேட்டாங்க. அப்புறம் சுரப்பி மெதுவா விழிச்சுக்கணும்னு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, மாசக்கணக்குல நிறுத்தினாங்க.

அப்போ இது கெட்ட மருந்தா?

இந்த இடத்துலதான் நான் தப்பான முடிவுக்கு வந்திருப்பேன். ஆயா விழுந்ததும் எனக்கு வந்த கோபத்துல, "ஸ்டீராய்டா? வீட்டுப் பக்கமே வரக்கூடாது"ன்னு சொல்லிட்டு இருந்தேன். மனசு மாறினது எங்க ஊர்ல இருந்து பஸ்ஸுல கொஞ்ச தூரத்துல இருக்கிற ஒரு இடத்தைப் பத்திப் படிச்சப்போ.

செங்கல்பட்டு பக்கத்துல திருமணி. அங்க பிரிட்டிஷ் காலத்துல லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்துச்சு. 1955ல மத்திய அரசு அதை எடுத்து, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமா ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடி, 1947ல, வேலூர் சிஎம்சியில இருந்த எலும்பு சர்ஜன் பால் பிராண்ட், செங்கல்பட்டுல தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பாக்க வந்தார். அங்க விரல் மடங்கிப்போன ஒரு நோயாளிகிட்ட கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கிற அளவுக்கு இறுக்கமா இருந்துச்சு. அந்தக் கையில எல்லாத் தசையும் போகல, சில நரம்புகள் மட்டும்தான் செத்திருக்குன்னு அவருக்குப் பட்டுச்சு. நல்லா இருக்கிற தசைநாரை இடம் மாத்தி விரலை நிமிர்த்துற ஆபரேஷன்கள் அதுக்கப்புறம் வேலூர்ல வந்துச்சு.

நரம்பு செத்த பிறகு செய்யற வேலை அது. சாகறதுக்கு முன்னாடியே தடுக்க முடியுமா? இங்கதான் ஸ்டீராய்டு வருது.

தொழுநோய்க் கிருமி நரம்பைச் சுத்தியிருக்கிற செல்களுக்குள்ள போய் உக்காந்துக்கும். ரொம்ப மெதுவா வளரும். அதைக் கொல்ல நல்ல மருந்து இருக்கு: ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் சேர்ந்த கூட்டு மருந்து. இந்தியாவுல 1983ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் அரசு சுகாதார நிலையத்துல இலவசம். ஆனா கை மடங்கிப் போறது பல பேருக்குக் கிருமியால மட்டும் நடக்கிறது இல்ல. நம்ம எதிர்ப்புச் சக்தி திடீர்னு முழிச்சு, நரம்புக்குள்ள இருக்கிற கிருமி மேலயும், செத்த கிருமியோட மிச்சம் மேலயும் பாயும். இதுக்கு "ரியாக்‌ஷன்"னு பேரு. சிகிச்சைக்கு முன்னாடி வரலாம், நடுவுல வரலாம், முடிஞ்ச பிறகும் வரலாம்.

முழங்கையை எங்கயாவது இடிச்சா சுர்ர்னு ஷாக் அடிக்குமே, அந்த நரம்பை நினைச்சுக்கோங்க. குறுகலான பாதையில போற நரம்பு. அது வீங்கினா விரிய இடம் இல்லாம தானே நசுங்கும். சில நாள், சில வாரத்துல மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்க ஆரம்பிக்கும். முட்டி பக்கத்துல இருக்கிற நரம்பு போனா பாதம் தூக்க வராது, செருப்பு நழுவும்.

இந்த நேரத்துல ப்ரெட்னிசோலோன் கொடுத்தா வீக்கம் அடங்கும், நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன பழைய அட்டவணை, ஒரு நாளைக்கு 40 மி.கி.ல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு படி இறங்கி, 12 வாரத்துல முடியும். அப்புறம் இந்தியா, வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவுல நடந்த ஒரு ஆய்வுல, 20 வாரமா 32 வாரமான்னு ஒப்பிட்டுப் பாத்து, 20 வாரமே போதும்னு கண்டுபிடிச்சாங்க. ஆயாவுக்குக் கணக்கே இல்லாமப் போன அதே மருந்து, இங்க எத்தனை மி.கி., எத்தனை வாரம்னு இவ்வளவு அளந்து பாக்கிறாங்க.

இதுல மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு, நேரம். நரம்பு பாதிச்சு ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் திரும்ப வர நல்ல வாய்ப்பு. ரெண்டு, ஸ்டீராய்டு கிருமியைக் கொல்லாது. அதனால கூட்டு மருந்துச் சிகிச்சை நடக்கும்போது இது வந்தா, அதையும் விடாம எடுக்கணும். மூணு, ரியாக்‌ஷன் வரும்போது படை சிவந்து வீங்கறதைப் பாத்து "மருந்து ஒத்துக்கல"ன்னு சில பேர் சிகிச்சையையே நிறுத்திடுவாங்க. எந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு ஓடணுமோ, அந்த நேரத்துல வீட்டுலயே இருந்துடுவாங்க.

இது பழைய கதை இல்ல. இன்னைக்கும் இந்தியாவுல வருஷத்துக்கு ஒரு லட்சம் அளவுல புதுசா தொழுநோய் கண்டுபிடிக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கு "ஸ்டீராய்டு விஷம்"னு நான் போய்ச் சொல்லியிருந்தா, அவரோட கை போயிருக்கும்.

யாரோட சண்டை?

அதனால ஸ்டீராய்டு பத்திக் கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நேரத்துல உடம்பைக் கெடுக்கிறது கிருமியா, இல்ல நம்ம உடம்போட சண்டையா?

கோவிட்ல இதை நாமளே பாத்தோம். 2020 ஜூன்ல பிரிட்டனோட ரெக்கவரி ஆய்வு முடிவு வந்துச்சு. தினமும் 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு? ஒரு பலனும் இல்ல. முதல் வாரத்துல கிருமி பெருகிட்டு இருக்கும், அப்போ படையைத் தடுக்கக் கூடாது. கடுமையா ஆனவங்களுக்கு அப்புறம் நுரையீரலைக் கெடுக்கிறது நம்ம படை. அப்பத்தான் தடுக்கணும்.

2021 ரெண்டாவது அலையில, லேசான காய்ச்சலோட வீட்டுல இருந்தவங்களும் வாட்ஸ்அப்ல வந்த லிஸ்ட்டைப் பாத்து ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. சுகர் ஏறுச்சு, எதிர்ப்புச் சக்தி இறங்குச்சு. கறுப்புப் பூஞ்சை அவ்வளவு பேரைத் தாக்கினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த மே மாசம் தமிழ்நாடு அரசே அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சது.

நம்ம வீட்டுக்கு

கேக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இது நேரடியா சம்பந்தப்பட்டது. அதனால சுருக்கமா சில விஷயம்.

ஆஸ்துமா இன்ஹேலர்ல ஸ்டீராய்டு இருக்குன்னு பயந்து விட்டவங்க இருக்கீங்க. அதுல இருக்கிறது மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்குப் போகுது. இழுத்ததும் வாயைக் கொப்பளிங்க, டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க.

முகத்துக்கு "வெள்ளையாக்குற" கிரீம் போடுறீங்கன்னா, டியூப்ல பேரைப் பாருங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. மாசக்கணக்கா முகத்துல போட்டா தோல் மெலியும், சிவக்கும், பரு கிளம்பும்.

ஜிம்ல பேசுற ஸ்டீராய்டு வேற. அது ஆண் ஹார்மோன் வகை. அதுக்குத் தனி எபிசோடு வேணும்.

ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாளைக்கு எழுதினா பயப்பட வேண்டாம், கேளுங்க. எத்தனை நாள், எப்படிக் குறைக்கணும், சுகரும் எலும்பும் எப்போ பாக்கணும். வழக்கமா காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்கச் சொல்வாங்க. நம்ம கார்ட்டிசாலும் காலையிலதானே அதிகம்.

கடைசியா ஒண்ணு. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது, வயசானவங்க என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேளுங்க. காகிதத்துல மடிச்ச, பேரில்லாத மாத்திரையா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா பதறிப்போய் "உடனே நிறுத்து"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஏன்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

ஆயா இப்போ நல்லா இருக்காங்க. முட்டி வலி இருக்கு. தொடைத் தசைக்குப் பயிற்சி, அளவான வலி மருந்து, ஒரு கைத்தடி. மலை ஏற முடியறதில்ல. பௌர்ணமிக்கு அடிவாரத்துல தாழக்கோயில் வரைக்கும் போயிட்டு, "இதுவே போதும்டா கண்ணு"ன்னு சொல்லிட்டு வந்துடறாங்க. மருந்துச் சீட்டை மட்டும் சுருக்குப் பையில மடிச்சு வெச்சிருக்காங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைத்தான் எடுத்து நீட்டறாங்க.

அடுத்த வாரம் பாப்போம்.